மிஷின் யார் கையில் இருக்கிறது?

மேலப்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விவசாயக் கூலிப் பெண்களோடு சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குளங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் சீமைக் கருவேலம் வெட்டும் இடங்களை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின் ஓர் ஆணின் கையில் இருக்கும். முள்கிளையைக் கவைக்கம்பால் இழுப்பது, அரிவாளால் கழிப்பது, கட்டிச் சுமப்பது எல்லாம் பெண்கள் வேலை. பெரும்பாலும் நம் காலனிப் பெண்கள். மிஷின்காரருக்கு ஒரு கூலி, இவர்களுக்கு 'கையாள்' கூலி.

இந்த மரம் 1870-களில் மதராஸ் மாகாணத்துக்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. மழை பொய்த்த தென்மாவட்டங்களில் அதை வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அந்த உழைப்பில் பெண்களின் பங்கு பெரியது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இது குறித்து நான் கேட்ட பேச்சுகளில் நிலத்தடி நீர் வந்தது, மண் வளம் வந்தது. அரிவாள் பிடித்த பெண்கள் வரவில்லை.

ஒரு குழுக் கூட்டத்தில் ஐம்பது வயது அக்கா ஒருவர் கேட்டார்: "இருவது வருசமா அருவா புடிச்ச கை இது. மிஷின் வந்த பொறவு முள்ளு இழுக்கத்தான் கூப்பிடுதாவ. அத ஓட்டச் சொல்லிக் குடுத்தா மாட்டோம்னா சொல்லுதோம்?"

பெண்களுக்கு அது கனம் என்கிறார்கள். சாதாரண மிஷின் ஐந்தாறு கிலோ. அதைவிடப் பல மடங்கு கனமான விறகுக்கட்டை அவள் தலையில் ஏற்றும்போது யாருக்கும் கனம் நினைவுக்கு வருவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனதும், பிரிட்டன் 1942-இல் பெண்கள் மரவெட்டுப் படையை அமைத்தது. கோடாரியும் கை ரம்பமுமாக அவர்கள் காட்டு மரங்களைச் சாய்த்தார்கள். 1946-இல் படையைக் கலைத்துவிட்டார்கள். தேவை இருந்த வரை கனம் ஒரு பிரச்சினையாக இல்லை.

தோழர்களே, இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 1944-இல் மத்தியச் சட்டமன்றத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் பெண்களைப் பற்றிய விவாதத்தில், தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற கொள்கையை எடுத்துரைத்தார். 1976-இல் சம ஊதியச் சட்டமே வந்தது. ஆனால் சட்டம் ஒரே வேலைக்கோ அதே தன்மையுள்ள வேலைக்கோதான் ஒரே கூலி கேட்கிறது. வேலையே வேறு என்று காட்டிவிட்டால் கேள்வி எழாது. மிஷினைக் கற்றுத் தராமல் இருப்பதே அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது.

அதற்காக, மிஷினைக் கையில் கொடுத்து "வீரப்பெண்" என்று போட்டோ எடுத்தால் போதாது. முழு வேகத்தில் அதன் செயின் நொடிக்குச் சுமார் இருபது மீட்டர் ஓடுகிறது. பாரின் நுனி மேல்பக்கம் கட்டையில் பட்டால், மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். தரையோடு பல கிளையாகப் பின்னிக் கிடக்கும் கருவேலத்தில் இந்த ஆபத்து அதிகம். வளைந்து விறைத்து நிற்கும் கிளையை எந்தப் பக்கம் முதலில் அறுப்பது, மரம் சாயும்போது எந்தப் பக்கம் விலகுவது, செயின் பிரேக்கைத் தினமும் எப்படிச் சோதிப்பது, செயினை அரத்தால் எப்படித் தீட்டுவது என எல்லாம் களத்திலேயே, நாள் கணக்கில் கற்க வேண்டியவை. சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். காதுக்கவசம் இல்லாவிட்டால் காது போகும். செயின் பட்டால் நார் சிக்கி அதை நிறுத்தும் கால்கவசம் வேண்டும். ஹெல்மெட்டும் பூட்ஸும் பெண்கள் அளவில் வேண்டும். சேலைமேல் போடும் பழைய ஆண் சட்டை பாதுகாப்பு உடை ஆகாது.

கவசமில்லாமல் மலக்குழிக்குள் இறக்கப்பட்டுச் செத்தவர்களின் சமூகம் நாம். ஆபத்தான வேலை நமக்குப் புதிதல்ல. அதைப் பாதுகாப்போடு செய்யும் உரிமைதான் நமக்கு மறுக்கப்பட்டது.

எனவே கோரிக்கை நான்கு. பயிற்சி நாட்களுக்குக் கூலி. பயிற்சியோடு முழுக் கவசம். மகளிர் குழுவின் பெயரிலேயே மிஷின். மிஷின் பிடிப்பவர் பெண்ணானாலும் மிஷின்காரர் கூலி. வேளாண் இயந்திர மானியத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் உண்டு. ஆனால் அது விவசாயிக்கான மானியம். கையில் நிலம் இல்லாத கூலிப் பெண்ணுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. தாட்கோ போன்ற நிறுவனங்களிடம் நிலத்தைக் கேட்காமல் உதவச் சொல்லி நாம் மனு போட வேண்டும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் மரம் வெட்டும் இடத்துக்கு ஒருநாள் போங்கள். மிஷின் யார் கையில், முள் யார் கையில், மாலையில் யாருக்கு எவ்வளவு என்று குறித்து வாருங்கள். மனுவை அந்தக் கணக்கிலிருந்து எழுதலாம்.