பான்ஷீ கையில சீப்பு

ராத்திரி பூரா ஐபேடுல பான்ஷீயை வரைஞ்சு நோண்டிட்டு இருக்கேன்.

அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகள்ல வர்றவ. ஓ'நீல், ஓ'பிரையன் மாதிரி பழைய குடும்பங்கள்ல சாவு விழப்போகுதுன்னா முன்கூட்டியே வந்து ஓலமிடுவா. அவ்ளோதான். யாரையும் கொல்ல மாட்டா.

அப்புறம் எதுக்குக் கோரைப்பல்லு?
லேயரோட தூக்கிட்டேன்.

கண்ணைச் சுத்தி இருந்த பச்சை வெளிச்சமும் போச்சு. அழுது சிவந்த இமை மட்டும், மல்டிப்ளைல லேசா.
இப்பதான் பாவமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு.

முடிதான் இன்னும் ஷாம்பு விளம்பரம். நமக்கு வரைய வர்ற ஒரே முடி அது 😄

அவகிட்ட ஒரு சீப்பு உண்டு. தரையில கிடக்குற சீப்பை எடுக்காதேன்னு அங்க பிள்ளைங்களை மிரட்டி வச்சிருக்காங்க.

சீப்பு அவ கையிலயே இருக்கட்டுமா, புல்லுல கிடக்கட்டுமா?
சொல்லுங்க மக்களே.