மேலே புதுசு, அடியில் பழசு

ரெஜிஸ்ட்ரி என்ற சேமிப்புக் கிடங்கில் கிடக்கும் காலாவதியான கன்டெய்னர் இமேஜ்களைத் தேடிப் பட்டியல் போட எங்கள் அணிக்கு ஒரு சின்ன புரோகிராம் தேவைப்பட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அதை எழுதினாள். ரிவ்யூ என்னிடம் வந்தது.

கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து பெருமாள்மலைக்குத் திரும்பி வந்தவள் நான். அப்புறம் இங்கிருந்தே வேலை. 2024 பங்குனியில் அந்த ரிவ்யூ வந்த அன்று, அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. மூடுபனி இறங்கிவிட்டால் பழனி ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுவது கஷ்டம். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்ற நினைப்போடு கோடைத் திறந்தேன்.

சுத்தமான கோடு. பெயர்கள் தெளிவு, டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. ஒவ்வொரு இமேஜுக்கும் அது உருவான தேதியை ரெஜிஸ்ட்ரியிடம் கேட்கும். 90 நாள் தாண்டியிருந்தால் பட்டியலில் சேர்க்கும். கடைசியில் அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: "அக்கா, இது மேலே உள்ள இமேஜோட தேதிதானே? அடியில இருக்கற பேஸ் இமேஜ் பழசா இருந்தா இது கண்டுபிடிக்குமா?"

"நல்ல கேள்விம்மா, அடுத்த தடவை பார்ப்போம்" என்று பதில் போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கன்டெய்னர் இமேஜ் என்பது அடுக்கடுக்காகக் கட்டிய பொட்டலம். அடியில் டெபியன் மாதிரி ஒரு லினக்ஸ், அதன் மேல் லைப்ரரிகள், உச்சியில் நாம் எழுதிய புரோகிராம். உச்சி அடுக்கை மட்டும் மாற்றிக் கட்டினாலும் முழு இமேஜுக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும். பழனியில் அன்று வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவிலும் அடைத்த தேதிதான் இருந்தது. உள்ளே போன விருப்பாச்சி வாழை என்றைக்கு மலையிலிருந்து இறங்கியது என்று டப்பா சொல்லாது.

எங்கள் இமேஜ்கள் தினமும் இரவில் புதிதாகக் கட்டப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பேஸ் இமேஜ் 2021-இல் யாரோ கட்டி வைத்தது. அதன் பிறகு யாரும் தொடவில்லை. ஆகவே புரோகிராம் வாராவாரம் காலிப் பட்டியலை அனுப்பியது. அதைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு வாடிக்கையாளரின் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை வந்தது. எங்கள் இமேஜ்கள் டெபியன் 10-இன் மேல் நிற்கின்றன, அதற்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அதைவிடக் கூசவைத்தது அடுத்த வரி. 2022 மார்ச்சில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் ஒரு ஓட்டை வெளியானது. கோணலாகச் செய்த ஒரு சான்றிதழைப் படிக்கக் கொடுத்தாலே அது முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொள்ளும். திருத்தம் அப்போதே வந்துவிட்டது. எங்கள் பேஸ் அதற்கும் முந்தியது.

நம்ப முடியாமல், இரண்டு நாள் முன் கட்டிய ஒரு இமேஜை எடுத்து டாக்கரில் அதன் ஹிஸ்டரியைக் கேட்டேன். மழையில் நெட் இழுத்துக்கொண்டே இருந்தது. முதல் வரி: இரண்டு நாள் முன். அடுத்ததும் இரண்டு நாள் முன். அதற்கடுத்ததும். திரையைக் கீழே தள்ளினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன். மறுபடியும் மூன்று ஆண்டுகளுக்கு முன். எங்கள் புரோகிராம் படிக்கும் அதே கோப்பில்தான் இந்த வரிகளும் இருக்கின்றன, உருவான தேதிக்குச் சற்றே தள்ளி. அவள் கேட்டது இதைத்தான்.

அன்று மாலை அழைப்பில், "இதை எழுதியது யார்?" என்று மேலாளர் கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். அவள் முன்பே கேட்டாள், நான்தான் தள்ளிப் போட்டேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் எல்லோருக்கும் எழுதினேன், அவளுடைய குறிப்பையும் சேர்த்து. அவளையும் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைக்கா" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு வெகு நாளைக்கு அவள் அனுப்பிய கோடுகளில் கேள்வியே இருக்கவில்லை. தணிக்கைக்கான வேலையை ராப்பகலாக உட்கார்ந்து முடித்துவிட்டோம். அவளுடைய மௌனத்தைத்தான் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

புரோகிராமுக்கான திருத்தத்தை நானே எழுதினேன். பேஸை டெபியன் 12-க்கு மாற்றி வாராவாரம் புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்தோம். எந்தப் பேஸின் மேல் கட்டியது என்று காட்டும் டைஜஸ்டை, அதாவது அந்தப் பேஸின் கைரேகை மாதிரியான எண்ணை, ஒவ்வொரு இமேஜிலும் குறிப்பாகப் பதிக்கிறோம். இன்றைய பேஸின் டைஜஸ்டோடு அது பொருந்தாவிட்டால் இமேஜ் பட்டியலுக்கு வரும். குறிப்பு இல்லாத வெளி இமேஜ்களுக்கு, அடி அடுக்கின் தேதியைப் பார்க்கும்படி வைத்தேன். ரிவ்யூவை அவளுக்கு அனுப்பினேன். எப்போது முடியுமோ அப்போது பார், அவசரமில்லை என்று சொல்லியிருந்தேன்.

சில நாள் கழித்து, நான் தேதி பார்க்கும் வரியின் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, டிஸ்ட்ரோலெஸ் மாதிரி சில வெளி இமேஜ்ல, எப்ப கட்டினாலும் ஒரே மாதிரி வரணும்னு வேணும்னே தேதியை 1970 ஜனவரி 1-ன்னு வெச்சிருப்பாங்க. போன வாரம் கட்டினதைக்கூட உங்க கோடு 54 வருஷம் பழசுன்னு சொல்லுமே?"

சொல்லும். ஒப்புதல் கொடுக்காதே, நிறுத்தி வை என்று பதில் எழுதிவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன்.