ஜெபமும் விசாரிப்பும்

வீடு வாங்குவதா, வேலை மாறுவதா, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிப் போவதா? ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் நம்மவர்கள் கூடும் வீட்டு ஜெபங்களில் இத்தகைய விண்ணப்பங்கள்தான் அதிகம். “கர்த்தருடைய சித்தம் தெரியணும், ஜெபிச்சுக்குங்க” என்கிறோம். சரியான வேண்டுதல்தான். ஆனால் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையிலோ, கண்ணை மூடிக்கொண்டு திறந்த வேதப் பக்கத்திலோ பதில் வந்துவிடும் என்று காத்திருப்பதை விசுவாசம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அன்றாடக் காரியங்களில் தேவ நடத்துதல் பெரும்பாலும் விசாரிப்பின் வழியாகவே வருகிறது. அந்த உழைப்பும் ஜெபத்தில் சேர்ந்ததுதான்.

வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஆக்லாந்தில் பல வீடுகள் ஏலத்துக்கு வருகின்றன. சுத்தியல் விழுந்தபின் ‘கடன் கிடைத்தால்’, ‘கட்டடம் நன்றாக இருந்தால்’ என்றெல்லாம் நிபந்தனை சொல்ல இடமில்லை. வங்கி ஒப்புதல், கட்டட ஆய்வு, அந்த நிலத்தைப் பற்றி மாநகராட்சி தரும் லிம் (LIM) அறிக்கை எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இங்குள்ள பழைய மர வீடுகளில் தரைக்கு அடியில் தாங்குகட்டைகள் உளுத்திருக்கின்றனவா என்று ஒருவர் குனிந்து பார்த்தாக வேண்டும். 2023 ஜனவரி 27 பெருவெள்ளத்துக்குப் பிறகு, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்காமல் விலை பேசவே கூடாது. “ஆண்டவர் கதவைத் திறந்தா நமக்கே அமையும்” என்று இதையெல்லாம் விட்டுவிட்டு ஏலத்தில் கை தூக்குகிறவர், ஆண்டவர் உண்மையைக் காட்டக்கூடிய வழியைத் தாமே அடைத்துவிடுகிறார். எருசலேம் அலங்கத்துக்காக அழுது உபவாசித்த நெகேமியாதான், ஊர் வந்து சேர்ந்ததும் இராத்திரியில் இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார்.

சுயபுத்தியை நம்பாதே என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறதே என்பார்கள். அதே நீதிமொழிகள்தான் பலருடைய ஆலோசனையைத் தேடச் சொல்கிறது. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டாரே என்றால், அவருக்குக் கட்டளை முன்பே கிடைத்திருந்தது. தோல் அவருடைய பயத்துக்கு ஆண்டவர் காட்டிய இரக்கம். தெளிவான அழைப்பு கிடைத்தவர்களுக்கும் உழைப்பு குறையவில்லை. திண்டிவனத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடர் தேவ அழைப்பாக ஏற்றார். ஆனாலும் அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்ற பிறகே 1900இல் வேலூருக்கு வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அங்கே அவர் தொடங்கியது 1918இல்.

இவ்வளவு விசாரித்தும் முடிவு தவறிப்போனால்? தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குப் போன பவுல், பிலிப்பியில் அடி வாங்கிச் சிறைக்குள் போனார். அதனால் அந்த நடத்துதல் பொய்யாகிவிடவில்லை. காரியம் சுலபமாக முடிவதை வைத்துத் தேவ சித்தத்தை அளக்க முடியாது. நேர்மையாக விசாரித்து, சபையாரிடம் கலந்து, பிறகு ஆண்டவர் கையில் விட்டவர் நஷ்டப்பட்டாலும் கைவிடப்பட்டவர் அல்ல.

ஆகவே இந்த ஊரில் ஏற்கெனவே வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த குடும்பம் ஜெபக்குறிப்பு சொன்னால், ஜெபித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். ஒரு சனிக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பார்த்திருக்கும் வீட்டின் அறிக்கைகளைப் படித்துக் கொடுங்கள்.