தானே மூடும் கதவு

பசறை, ஹாலிஎல, நமுனுகுல ஆகிய இடங்களிலிருந்து பதுளை நகருக்கு வரும் மலைப்பாதைகளில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான்களைக் காலைதோறும் காண்கிறோம். முன்னெல்லாம் அவ்வான்களில் கதவைத் திறந்து மூடுவதற்கென்றே ஓர் இளைஞன் உடன் வருவதுண்டு. இன்றோ, ஜப்பானிலிருந்து வந்திறங்கும் டொயோட்டா நோவா போன்ற வான்களில், சாரதி பொத்தானை அழுத்தினாற் போதும். கதவு தானே நகர்கிறது. இஃது எங்ஙனம் நிகழ்கிறது என்பதை நம் வீட்டார் அறிந்திருத்தல் நன்று.

அக்கதவு மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று தடங்களைப் பற்றி, சிறு உருளைகளின்மேல் ஓடுவது. வண்டியின் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கும் மின்மோட்டார் உறுதியான கம்பிவடமொன்றைச் சுற்றி இழுக்கிறது. கிணற்று வாளியைக் கப்பி இழுப்பது போலத்தான். கதவு வாயிலை அடைந்ததும், பூட்டின் பொறி அதனை இறுக இழுத்து மூடுகிறது. இடையே ஏதேனும் தடுத்தால், கதவின் முன்விளிம்பிலுள்ள தொடுவுணர்ப் பட்டையோ, மோட்டாரின் வேகக் குறைவோ அதனை அறிவிக்க, கதவு பின்வாங்கும்.

இத்துணைக் காப்பு இருக்கையில் அச்சம் ஏன் என்று கேட்கலாம். கதவு முற்றாக மூடுவதற்குச் சற்று முன்னர் இக்காப்பு வேலை செய்யாமற் போகலாம் என்று உற்பத்தியாளரின் கைநூல்களே எச்சரிக்கின்றன. குழந்தையின் விரல் புகுவதற்கு அவ்விடைவெளி போதுமன்றோ!

அன்றியும், நம் தோட்டத்துப் பாதைகள் சமதரையல்ல. லயத்தின் அருகே வண்டி இறக்கத்தை நோக்கி நின்றால், கதவு மூடும் திசையும் இறக்கமே. ஆதலின் அது விரைந்து மூடக்கூடும். ஏற்றத்தை நோக்கி நின்றால் திறக்கும்போது விரையக்கூடும். பொறியை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கும்போதும், கதவை முழுவதும் திறந்து கொளுக்கியில் பதியவிடாவிட்டால், அது தன் பாரத்தாலேயே சரிந்து மூடிவிடும். மழைக்காலத்துச் சேறும் சிறுகல்லும் கீழ்த்தடத்தில் அடைந்துகொண்டால், அதன் ஓட்டமும் கெடும். வாரமொருமுறை அத்தடத்தைத் துடைத்தல் சாரதியர்க்குப் பெரிய வேலையன்று.

முன்னாளில் கதவருகே நின்ற இளைஞன் கதவை மட்டுமா இழுத்தான்? கடைசிப் பிள்ளை ஏறிற்றா, விரல் விளிம்பில் உள்ளதா, புத்தகப்பையின் வார் வெளியே தொங்குகிறதா என்றெல்லாம் பார்த்தான். இழுக்கும் வேலையைப் பொறி ஏற்றுக்கொண்டது. பார்க்கும் வேலையை அஃது ஏற்கவில்லை. கொழுந்து பறிக்க விடியுமுன்னே மலையேறும் தாய், தன் பிள்ளையை வானில் ஏற்றிவிடும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தே செல்கிறாள். ஆதலின், சாரதி திரும்பிப் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துக. பிள்ளைகளில் மூத்தவர் ஒருவர் இளையவர்களின் கைகளைக் கவனித்துக்கொள்க. கதவு தானே மூடட்டும். கண் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.