வாடகை வள்ளம்

புசல்லாவை வாசிகளான எமக்குத் தண்ணீர் என்றால் தேயிலைச் சரிவின் ஓடை. மிஞ்சினால் கொத்மலை நீர்த்தேக்கம். அவ்வோடையிற் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த எம் இளைய மகன், "இது எங்கே போய்ச் சேரும், அப்பா?" என்று ஒருநாள் கேட்டான். மகாவலியிற் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேரும் என்றோம். "அதை நாங்கள் பார்க்க வேண்டாமா?" என்றான். வினாவைத் தட்டிக்கழிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகாகுமா? ஆகஸ்ட் விடுமுறையிற் குடும்பமாகப் புறப்பட்டோம்.

கோணேசரைத் தரிசித்து, மலையுச்சியிலிருந்து குடாவையும் கண்குளிரக் கண்டோம். மறுநாட் காலை நிலாவெளி சென்றோம். அங்கே கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிற் புறாத்தீவு தெரிகின்றது. முருகைக்கற் பாறைகளும் வண்ண மீன்களும் நிறைந்த அத்தீவு 2003ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது.

அங்கு செல்ல மோட்டார் பூட்டிய சிறு வள்ளமொன்றை எமக்கென்றே வாடகைக்குப் பேசினோம். பேரத்தில் நாம் சளைக்கவில்லை. ஓட்டியான முதியவரும் இறங்கி வந்தார். ஆனால் செம்மஞ்சள் நிறத்தில் ஐந்து உயிர்காப்புச் சட்டைகளை எடுத்து அவர் நீட்டியபோது எமக்குச் சிரிப்பு வந்தது.

"தீவு கண்ணெதிரே நிற்கிறது, கடலோ குளம்போலக் கிடக்கிறது. இது எதற்கு?"

"சட்டை போடாட்டி வள்ளம் வெளிக்கிடாது, ஐயா. இப்ப கச்சான் காலம்."

எம் தாயார் மறுபேச்சின்றிச் சேலைமீது அதனை அணிந்துகொண்டார். நாமோ வேண்டாவெறுப்பாக மாட்டினோம், கயிற்றைக் கட்டவில்லை.

தீவின் அழகில் இரண்டு மணிநேரம் போனதே தெரியவில்லை. திரும்பும் வழியில், நடுக்கடலில் மோட்டார் நின்றது. காற்று மெல்லென்றுதான் வீசிற்று. ஆயினும் கரையிலிருந்த தென்னைகள் சிறுத்துக்கொண்டே போயின. கச்சான் என்பது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத்தில் அலையெழுப்ப அதற்கு இடமில்லை. ஆதலாற் கடல் அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பியவனை அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். எம் மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு கீழ்த்திசைக்கு இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் அது! வகுப்பிற் பலமுறை விளக்கிய பாடம். அன்று அது எம்மையே வங்கக்கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எம் விரல்கள் தாமாகவே சட்டைக் கயிற்றைத் தேடின.

முதியவர் பதறவில்லை. நங்கூரத்தை இறக்கினார், வள்ளம் நின்றது. பெற்றோல் வடியில் நீர் கலந்திருந்ததாம். அதைத் துடைத்துப் பூட்டினார். மூன்றாம் இழுப்பில் மோட்டார் உயிர்பெற்றது. தாயார் அதுவரை முருகனை அழைத்துக்கொண்டிருந்தார்.

வாடகை எவ்வளவு என்று கேட்ட நாம், எத்தனை பேர் ஏறலாம், எல்லோர்க்கும் சட்டை உண்டா, நங்கூரமும் துடுப்பும் உண்டா, இன்று என்ன காற்று என்று ஒன்றையேனும் கேட்டோமா? அதே திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில், 2021 நவம்பர் 23ஆம் நாள், குறிஞ்சாக்கேணியில் மிதவைப்படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் மாண்டனர். அது ஆழ்கடலன்று, ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட சிறு நீர்ப்பரப்பே. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு புறப்படும் பெற்றோர் இதனை மறக்கலாகாது.

கரையேறியதும், பேரத்திற் குறைத்த தொகையை அவர் கையில் வைத்தோம். "பேசினது பேசினதுதான், ஐயா" என்று திருப்பித் தந்துவிட்டு, ஈரச் சட்டைகளை ஒவ்வொன்றாக வெயிலில் விரிக்கலானார். எம் மகனும் ஓடிச்சென்று ஒன்றைப் பிடித்து உதறினான். நாமும் எமது சட்டையைக் கழற்ற முயன்றோம். முடிச்சு மிகவும் இறுகியிருந்தது.