பிஞ்சில் பழுக்க வைக்க வேண்டாம்!

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் செங்கம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘தோட்டத்திலேயே குடியிருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது. நர்சரிப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமா? பின்னால் சிக்கல் வருமா?’

நான் நிபுணர் இல்லை. ஜமுனாமரத்தூரில் இரண்டு ஏக்கரில் சாமை போடுகிறோம். வேலியோரம் புளியும் பலாவும் நிற்கின்றன. இரண்டு மாடு, ஏழெட்டுக் கோழி. மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது. அந்த வாசகரின் கேள்வியில் நான் மூன்று வருடம் உழன்றிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

மகளை மூன்றரை வயதில் மலைக்குக் கீழே ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். காலை 7 மணிக்கு வேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தினமும் வாந்தி. சாயங்காலம் திரும்பும்போது தூங்கிக்கொண்டே வருவாள். ஓயாமல் பேசுகிற பிள்ளை, பேச்சையே குறைத்துக்கொண்டாள். நாற்பது நாள் பார்த்தோம். பிறகு நிறுத்திவிட்டோம்.

நிறுத்தியதோடு விட்டேனா? இல்லை. நான் பி.ஏ. படித்தவள். வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தக் கிளம்பிவிட்டேன். சுவரில் எழுத்து அட்டை, 10 மணி முதல் 12 மணி வரை பாடம், ‘அ’வுக்கு மேல் ‘அ’ இருபது தடவை. ஒரு வாரத்தில் சிலேட்டைக் காணவில்லை. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது போருக்குள்ளிருந்து விழுந்தது. மகள்தான் ஒளித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வேனிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து, அதே வேனை வீட்டுக்குள் ஓட்டியிருக்கிறேன்!

அன்றோடு அட்டையைக் கழற்றினேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் ‘பாடம்’ என்று எதுவும் இல்லை. நான் செய்கிற வேலைக்குப் பக்கத்தில் அவள் இருப்பாள். கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் என் வேலையைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

சாமை அளக்கும்போது ஆழாக்கை அவளிடம் கொடுத்துவிடுவேன். எட்டு ஆழாக்கு போட்டால் படி நிறையும். நாலு போட்டால் அரைப்படி. முதலில் ‘ஒண்ணு, ரெண்டு, அஞ்சு’ என்றுதான் எண்ணினாள். திருத்தவில்லை. படி நிறையாதபோது அவளே திரும்ப எண்ணினாள். புளி உடைக்கும் காலத்தில் கொட்டையெல்லாம் பல்லாங்குழிக்குப் போகும். 14 குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70. அவளுடைய ஆயாதான் கூட்டாளி. ஆயாவுக்கு எழுதத் தெரியாது, ஆட்டத்தில் மட்டும் ஒரு கொட்டை கணக்குத் தப்பாது.

எழுத்து எப்படி வந்தது என்கிறீர்களா? பேருந்து நிலையத்தில் வந்தது. ‘போளூர் பஸ் எதும்மா?’ என்று கேட்பாள். பலகையைக் காட்டுவேன். ‘போ’ என்ற எழுத்தைத்தான் அவள் முதலில் அடையாளம் கண்டாள். ‘அ’ எல்லாம் பிறகு, திருவண்ணாமலை, ஆலங்காயம் எல்லாம் முடிந்துதான் வந்தது. காவலூரில் வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அதைப் பற்றி அவளுடைய அப்பா சொன்னதிலிருந்து, கரண்டு போன ராத்திரிகளில் வாசலில் படுத்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணுவாள். எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தானியங்களைப் பிரித்து வைப்பது எல்லாம் அவர் முறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம். நம் வீட்டில் அது வேலை. எங்கள் மலை அடிவாரத்தில், சிங்காரப்பேட்டை அருகே புலியானூரில் இருக்கிற குக்கூ காட்டுப்பள்ளியிலும் விளையாட்டையும் கைத்தொழிலையும் படிப்பிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால், என் மாமனார் ஒருநாள் கேட்ட கேள்விக்கு இந்த மேதைகள் யாரும் எனக்கு உதவவில்லை.

“நம்ம சனம் படிக்காம ஏமாந்தது போதாதாம்மா? நான் புளி கொண்டு போனா, எடை போட்டவன் சொன்னதுதான் எடை. கைநாட்டு வச்சுட்டுக் காச வாங்கிக்கினு வருவேன். இப்ப படிச்ச நீயே புள்ளைய ஊட்ல வச்சிருக்கியே?”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரி. நாங்கள் மலையாளிப் பழங்குடிகள். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்தால் அது அவர்கள் விருப்பம். எங்கள் வீட்டுப் பிள்ளை போகாமல் இருந்தால் ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். நானே ஆறு வயதில் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனவள். முதல் மாதம் முழுக்க அம்மாவை நினைத்து அழுதேன். அதேசமயம், அந்தப் பள்ளி இல்லையென்றால் இன்று இந்தக் கட்டுரை இல்லை.

ஆகவே இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, ஐந்து வயது முடிந்ததும் வருகிற ஜூன் மாதம் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும். அதில் ஒருநாளும் தள்ளக் கூடாது. இரண்டாவது, ‘வீட்டில் இருக்கிறாள்’ என்று அங்கன்வாடியை விட்டுவிடக் கூடாது. எடை பார்க்க, தடுப்பூசிக்கு, முட்டைக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மற்ற பிள்ளைகளோடு சண்டை போட்டு விளையாட, அவளுக்குப் பிடித்த நாட்களில் போய் வந்தாள்.

மாமாவிடம், “நீங்க ஏமாந்த தராச நீங்களே அவளுக்குச் சொல்லிக் குடுங்க” என்றேன். அவரும் பழைய தராசைப் பரணிலிருந்து இறக்கினார்.

இந்தப் பங்குனியில் கொட்டை எடுத்த புளியைச் சந்தைக்குக் கொண்டு போனோம். வியாபாரி மின்தராசில் மூட்டையை வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் மகள் சத்தமாக, “முப்பத்தெட்டு, புள்ளி, நாலு” என்று படித்தாள். மாமா ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு ஒரு பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். ஜூனில் சேர்ந்ததும் முதல் இரண்டு வாரம், உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. பென்சில் பிடிக்கத் திணறினாள். “எழுத்து இன்னும் வரலைங்க. ஆனா, கேள்வி கேட்டுட்டே இருக்கா” என்றார் டீச்சர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆடிப் பாடிச் சொல்லிக் கொடுப்பதால் தப்பித்தோம். காலாண்டு விடுமுறைக்குள் தன் பெயரை எழுதிவிட்டாள். நான் கொஞ்சம் முன்பே கரிக்கட்டையும் தரையும் கொடுத்துக் கிறுக்க விட்டிருக்கலாம். மகனுக்கு இப்போது கொடுத்திருக்கிறேன். அவனோ எதையும் எண்ணுவதில்லை, மாட்டோடு மட்டும்தான் பேசுகிறான். பேசட்டும்.

செங்கம் வாசகருக்கு: கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே, எல்.கே.ஜி. படிக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. கிணற்றுக்குத் தடுப்பு இருக்கிறதா? பூச்சிமருந்து டப்பா கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்கிறதா? பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாரா? ஆள் இல்லாமல், செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கப் போகிறீர்கள் என்றால், அங்கன்வாடிக்கு அனுப்புவதுதான் நல்லது.

பலாவில் பிஞ்சைப் பறித்துப் புகைமூட்டம் போட்டால் தோல் நிறம் மாறும், சுளை இனிக்காது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயாக இருக்கிற வரைக்கும் மரத்திலேயே இருக்கட்டும். ஆனால், பறிக்கிற நாளை மட்டும் மறந்துவிடாதீர்கள்.