சர்க்கரை ஒன்று, தொல்லை வேறு

காவிரி பாயும் எங்கள் பரமத்தி வேலூருக்குக் கரும்பும் வெல்லமும் பெருமை. எங்கள் வீட்டிலோ இருவருக்குச் சர்க்கரை நோய். பெரியப்பாவுக்குக் கண் மங்கியது. அத்தைக்குச் சிறுநீரகம் தளர்ந்தது. நோய் ஒன்றாயிருக்க, தொல்லை வேறானது ஏன் என்று நாங்கள் வியந்தோம்.

சென்னை டாக்டர்கள் மோகன், அஞ்சனா முதலியோர் 19,084 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை நான்கு பிரிவாக்கி 2020-இல் வெளியிட்டனர். இன்சுலின் மிகக் குறைவாகச் சுரப்போருக்கு விழித்திரை கெடும் ஆபத்து அதிகம். சுரப்பும் குறைந்து, சுரந்ததும் சரிவர வேலை செய்யாதோருக்குச் சிறுநீரக ஆபத்து அதிகம். முதுமையில் வரும் வகை சற்றுச் சாந்தமானது.

ஆயினும் தோழியரே, எவ்வகையாயினும் இவை தொடக்கத்தில் வலியின்றியே கெடும். “கண் நன்றாகத் தெரிகிறதே” என்று பெரியவர்கள் மறுத்தாலும், ஆண்டுக்கொரு முறை கண், சிறுநீர், இரத்தம், பாதம் சோதிக்க அவர்களை அன்புடன் அழைத்துச் செல்வோமாக!